வரப்பை வெட்ட வேண்டிய நாள்

காற்று திரும்பிவிட்டதை ஜம்குவுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடிசை உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணி நேற்றுவரை நாலு பக்கமும் அலைந்துகொண்டிருந்தது. இன்று காலை கடலுக்கு முதுகைக் காட்டி விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. காற்றில் சேற்று வாடை. ஒரு வாய் டீயை உறிஞ்சினாள். எழுந்து போய் உப்பு அம்பாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது டீ ஆறிப் போயிருந்தது.

மற்ற உப்பளக்காரர்கள் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரண் என்கிற இந்த உப்பு வெளியில் அதுதான் வழக்கம். தீபாவளி கழித்துத் தண்ணீர் வற்றியதும் உப்புக்காரர்கள் வருவார்கள். காற்று திரும்பினால் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் கடல் ஓடைகளில் ஏறி வரும், மேலே மழை பெய்யும், வெடித்த மண் எல்லாம் ஏரியாகும், மாலியா பக்கத்து மியாணா ஜனங்கள் வலையோடு இறால் பிடிக்க வருவார்கள். ஒரே நிலத்தில் ஆறு மாசத்துக்கு ஒரு குடித்தனம்.

இந்த வருஷம் பழைய கிணற்றில் உப்புத் தண்ணீர் குறைந்துவிட்டதால், ஜம்குவும் அவள் புருஷன் வேல்ஜியும் ஓடைப் பக்கம் தள்ளி வந்து, பள்ளத்தில் பாத்தி கட்டினார்கள். கடல் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஓடையை அடைத்து ஒரு வரப்பும் போட்டார்கள். அன்றைக்கே மியாணாக்காரி ஹவாபாய் வந்து நின்றாள். அந்த ஓடையின் மேல்பக்கம் அவள் வீட்டார் வலை கட்டும் இடம்.

"இதை அடைச்சா என் வீட்டு இறால் எந்த வழியா வரும், பென்?" என்று சகோதரி முறை வைத்துத்தான் கேட்டாள்.

"காத்து திரும்புற அன்னிக்கு என் கையால வெட்டி விடறேன். போதுமா?" என்று ஜம்கு வாக்குக் கொடுத்தாள். வேல்ஜி அப்போது செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த வாக்கு இப்போது கழுத்தைப் பிடித்தது. பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பு மொத்தமும் இன்னும் பள்ளத்திலேயே கிடந்தது; வரப்பை வெட்டினால் கரைந்துபோகும். உப்பை மேட்டுக்கு ஏற்ற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். இவர்களுக்கு வரவில்லை. நேற்று வேல்ஜி ஊருக்குப் போகும்போது, இருந்த ஒரு போனையும் எடுத்துக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டில் ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

"டிராக்டர் கெடச்சா தெக்குத் திட்டுல ஏறி கண்ணாடியால மூணு வாட்டி வெயிலை விட்டு விட்டு அடிக்கறேன். இங்க ஈரம் பட்டுட்டா நீ ஒரே நீட்டா அடி. வராதேன்னு புரிஞ்சுக்கறேன். தெரியாம டிராக்டரை எறக்கினா சேத்துல ஸ்டியரிங் வரைக்கும் முங்கிடும்."

"அதுக்குள்ள ஹவாபாய் வந்துட்டா?"

"டீ குடு," என்றான் வேல்ஜி.

ஹவாபாய் வந்துவிட்டாள். மேற்கிலிருந்து, வெடிப்பு வெடிப்பாகக் கிடந்த மண்ணில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு.

"மம்புட்டியோட வர்றவளுக்கு டீ குடுக்கலாமா, கூடாதா?" என்றாள் ஜம்கு.

"குடு குடு. தெம்பா இருக்கும்."

"உனக்கு எதுக்குத் தெம்பு? வரப்பு என்னுது."

"யாரு இல்லேன்னா? மம்புட்டியே உனக்காகத்தான் கொண்டாந்தேன். உன்னுது மழுங்கல். ரொட்டி மாவைக்கூட வெட்டாது."

சிரித்தார்கள். ஆனால் ஹவாபாய் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளே வெட்டிவிட முடியாது. வரப்பைக் கட்டிய கைதான் வெட்ட வேண்டும். வேறு கை பட்டால் அப்புறம் பேசுவது இரண்டு பெண்கள் இல்லை, இரண்டு ஊர்.

"பொழுது சாயட்டும், ஹவாபாய். டிராக்டர் வரட்டும்."

"உன் டிராக்டருக்காகக் கடல் காத்துக்கிட்டு நிக்குமா? மொதத் தண்ணியோடதான் இறால் குஞ்சு வரும். இமை முடி அளவுதான் இருக்கும். வழி அடச்சிருந்தா கதவத் தட்டிக்கிட்டா நிக்கும்? மேற்கு ஓடையில திரும்பிடும். அப்புறம் இந்த வருஷம் பூரா நான் வலையைக் கட்டித் தவளைதான் புடிக்கணும்."

"தவளையும் ருசிதானாம்."

"ஒம் புருஷனுக்கு ஆக்கிப் போடு. வாயத் தெறந்து ஒரு வார்த்தை பேசினாலும் பேசுவாரு."

உச்சிப் பொழுது சாய்ந்தபோது மேகம் ஏறியது. ஜம்கு கண்ணாடியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். அதில் அவள் முகம்தான் தெரிந்தது. வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவன் திட்டில் ஏறி நின்றாலும் இப்போது என்ன செய்வான்? அம்பாரத்தின் மேல் ஏறினாள். கால் வைத்த இடத்தில் உப்புக்கட்டி சரிந்தது. தெற்கே பார்த்தாள். மண்ணுக்கும் வானத்துக்கும் நடுவில் ஏதோ கருப்பாக, உயரமாக ஆடிக்கொண்டு வந்தது.

"டிராக்டர்!"

"எத்தனை டிராக்டர்?" என்றாள் கீழே இருந்த ஹவாபாய்.

ஜம்கு கண்ணைச் சுருக்கினாள். ஒன்று ஐந்தாகப் பிரிந்தது. அப்புறம் கால்கள் முளைத்தன. காட்டுக் கழுதைகள், குட்டிகளை நடுவில் விட்டு, திட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன.

"கழுதைக்கே தெரிஞ்சு போச்சு, பென். மேட்டுக்குப் போவுது."

"அப்ப அதுகிட்டயே போய்க் கேளு. என்னை எதுக்கு அரிக்கிற?"

சொன்னபின் ஜம்குவுக்கே வலித்தது. ஹவாபாய் ஆறிப்போன டீயை ஒரே வாயில் குடித்துவிட்டு, டீ ஊற்றிய தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாள் ஜம்கு. ஒரு தடவை ஏறியபோது தெற்கில் மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. திட்டின் ஓரத்தில் பளிச்சென்று ஒன்று வெட்டியது. மறுபடி வெட்டியது. மறுபடியும்.

"அடிக்கறான்! மூணு வாட்டி! ஹவாபாய், கெடச்சிடுச்சு!"

ஹவாபாயும் எழுந்து பார்த்தாள். அவள் கண்ணிலும் அது பட்டது. "சரி," என்று மண்வெட்டியை முதல் தடவையாகக் கீழே வைத்தாள். "வரட்டும். ரெண்டு நடை அடிச்சிட்டு வெட்டு. ரெண்டு நடைதான்."

ஜம்குவுக்குக் கை கால் நிற்கவில்லை. கூடையை எடுத்து வந்து போட்டாள். டிரைவருக்கு ரொட்டி தட்ட வேண்டுமே என்று கம்பு மாவைத் தேடினாள். பூண்டுச் சட்னி இருக்கிறதா என்று சட்டியைத் திறந்து முகர்ந்தாள். வெளியே வந்து இன்னொரு தரம் தெற்கே பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஹவாபாய்."

"என்ன?"

"கண்ணாடின்னா விட்டு விட்டுத்தான அடிக்கும்?"

"ஆமா."

"இது நிக்கவே இல்லையே."

வெளிச்சம் நிற்கவில்லை. அகலமாகிக்கொண்டிருந்தது. திட்டைச் சுற்றி வளைந்து, ஓடைத் தடத்தில் கிடையாகப் படுத்துக்கொண்டு வந்தது. ஓடை தெற்கே திட்டைச் சுற்றிக்கொண்டுதான் இங்கே வரும் என்பது இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும், கண் கண்ணாடியைத் தேடியதால் கண்ணாடியையே கண்டது.

"தண்ணி," என்றாள் ஹவாபாய். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழே கிடந்த மண்வெட்டியையும் எடுக்கவில்லை. அதுதான் ஜம்குவால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

வரப்பு உயரமாகத்தான் இருந்தது. வெட்டாமல் விட்டால் ஒரு நாளாவது தாங்கும். ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளில் தண்ணீர் மேற்கே திரும்பிவிடும், குஞ்சும் அதோடு போய்விடும். யார் வந்து ஜம்குவைக் கேட்கப் போகிறார்கள்? அம்பாரத்தைப் பார்த்தாள். தை மாசக் குளிரில் தண்ணீரில் இறங்கி, கட்டை வாரியை இழுத்து இழுத்துத் திரட்டிய உப்பு. ஒவ்வொரு கட்டியும் பல் மாதிரி.

"இப்பிடிப் பேசாம ஒக்காராதே," என்றாள். "ஏதாவது திட்டு."

"திட்ட என்ன இருக்கு? நானுந்தான் கண்ணாடின்னு நெனச்சேன்."

ஜம்கு மண்வெட்டியை எடுத்தாள். ஹவாபாயின் மண்வெட்டி, கூராகத்தான் இருந்தது. வரப்பின் நடுவில் போட்டாள். காய்ந்த மேல்மண் சில்லாகத் தெறித்தது, உள்ளே கருஞ்சேறு. ஹவாபாய் கூட வந்து குனிந்தபோது, "தொடாதே. நானேதான்," என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

வெட்டி முடிக்கவும் தண்ணீர் வரவும் சரியாக இருந்தது. ஆர்ப்பாட்டமே இல்லை, நுரையும் வைக்கோலும் பறவை இறகுமாக வந்து, வெடிப்புகளுக்குள் இறங்கி, குமிழ் விட்டு, அப்புறம் திறந்த இடத்தில் நுழைந்து மேலே போயிற்று. ஹவாபாய் முந்தானையை நீரில் நனைத்துத் தூக்கினாள். துணியில் முடி முடியாக ஏதோ துள்ளியது. கண் மட்டும் கருப்பு.

"பாரு, பென்."

"பாக்கறேன்."

ஜம்கு பார்த்தது அம்பாரத்தின் அடியை. தண்ணீர் அதைத் தொட்டுவிட்டிருந்தது.

இரண்டு பேரும் கூடை கூடையாக அடி உப்பை வாரி மேலே கொட்டினார்கள். கொட்டக் கொட்டச் சரிந்தது. கணுக்கால் வரை நின்ற தண்ணீரில் கரைந்த உப்பு காலில் எரிந்தது.

"எம் மவன் படகு நாளைக்கு வந்துடும்," என்றாள் ஹவாபாய். "குஞ்சு பெருக்கிற வரைக்கும் அது சும்மாத்தான் கெடக்கும். தண்ணி ஏறட்டும், மிச்சத்தை அதுல அள்ளிக்கலாம்."

"மீன் நாத்தம் புடிச்ச உப்பை எவன் வாங்குவான்?"

"இறால் அவிச்சுக் காயப் போட எனக்கு உப்பு வேணாமா? நான் வாங்கறேன். நாத்தத்துக்குக் கொறச்சுக் குடு."

"கூடத்தான் குடுக்கணும். உப்புலயே மீனும் இருக்குதே."

ஜம்கு சிரித்தாள்; அழுகையும் கூடவே வந்தது. அப்போது மேற்கே மேகத்துக்கு அடியில் சூரியன் இறங்கி, ரண் முழுவதும் செம்பாகப் பளபளத்தது. தெற்குத் திட்டின் உச்சியில், தண்ணீருக்கு வெகு மேலே, ஒரு பொட்டு வெளிச்சம். அணைந்தது. மறுபடி. அணைந்தது. மறுபடி. இது கண்ணாடிதான்.

ஹவாபாய் கையிலிருந்த கூடையை மெதுவாக இறக்கினாள். "பென்... எறக்கிடப் போறாரு."

ஜம்கு ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்து வந்தாள். அம்பாரத்தின் மேல் ஏறினாள். சூரியன் எவ்வளவு நேரம் இருக்குமோ தெரியவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து, கண்ணாடியைச் சாய்த்து, தெற்கே ஒரே நீட்டாக அடித்தாள். வெளிச்சத்தைத் திட்டிலிருந்து விலக விடவில்லை.

அங்கே பொட்டு அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று வாட்டி வந்தது.

"என்ன சொல்றாரு?"

"வரப்பை எதுக்கு வெட்டினேன்னு கேக்கறான்."

"அதுக்குக் கண்ணாடியில பதில் இருக்கா?"

"இல்ல," என்றாள் ஜம்கு. "அதை இங்க வந்து கேக்கட்டும்." மறுபடியும் ஒரே நீட்டாக அடித்தாள்.