வக்துக்கு ஒரு வுழு

பௌஸி நானாவுக்கும் தொழுகைக்கும் கொஞ்சம் தூரம் என்பது வெள்ளவத்தையில் அவருடைய துணிக்கடைக்கு வந்துபோன எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவார், பெருநாளைக்குப் போவார். மற்ற நாட்களில் பள்ளிவாசலில் தொழுகை அழைப்பான வாங்கு சொன்னால் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார், முடிந்ததும் கூட்டுவார். அதோடு அவருடைய மரியாதை முடிந்தது. மனைவி ஷபீகா இதற்கு நேர்மாறு. ஐந்து நேரத் தொழுகையில் ஒரு வக்தைக்கூடத் தவறவிடாதவள். கலியாணமான நாள் முதல் அவரை ஏசி ஏசியே தன் வாய் கோணிப்போனது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடியும் ஏசுவாள்.

கடையைக் கொடுத்துவிட்டுப் பாமன்கடைப் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்து, எழுபத்தைந்தையும் தாண்டிய பிறகு, மனுஷன் ஒரு நாள் திடீரென்று மாறினார். நடுப்பகல் ளுஹர் வாங்கு சொன்னதும் குளியலறைக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முகமும் கையும் காலும் ஈரமாக வெளியே வந்து தொழ நின்றார். பின்னேரம் அஸருக்கும் அப்படி, பொழுதுபட்டதும் மஃரிபுக்கும் அப்படி. ஒரு தரம் கழுவி வுழு செய்தால், சிறுநீர் கழித்தோ தூங்கியோ அது முறியாத வரைக்கும் அடுத்த தொழுகைக்கும் அதுவே போதும். பலரும் அப்படித்தான் சமாளிப்பார்கள். பௌஸி நானாவோ ஒவ்வொரு வக்துக்கும், அதுவும் வாங்கு கேட்ட பிறகுதான், புதிதாக வுழு செய்தார். இந்தப் பேணுதல் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களிடமே கிடையாது.

ஷபீகாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. லிஃப்டில் கண்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். மகள் நிம்றாவிடம் ஃபோனில் ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னாள். அல்லாஹ்விடம் தான் கேட்ட துஆ இத்தனை காலம் கழித்துப் போய்ச் சேர்ந்ததே என்று இருந்தது அவளுக்கு. ஏச்சை அடியோடு நிறுத்தினாள். சீனி வருத்தக்காரருக்கு ஆகாது என்று தெரிந்தும், ஆசைப்பட்டுச் சாப்பிடட்டும் என்று வட்டிலப்பத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி வைத்தாள்.

அவர் மெலிந்தார். நோன்பு பிடித்த உடம்பு என்றாள். படியேறினால் மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டதே என்றாள். இரவில் அடிக்கடி எழும்பினார். அந்த வயசில் எந்த ஆம்பிளைதான் எழும்பாமல் இருக்கிறான்? வயசு என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடலாம், மூடினாள்.

கால் இரண்டும் வீங்கி, குடித்த கஞ்சியும் வெளியே வந்தபோதுதான் நிம்றா லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டர் ஸ்ரீஸ்கந்தராசா படத்தைப் பார்த்தார், பிறகு பௌஸி நானாவைப் பார்த்தார்.

"ஐயா, சலம் கழிக்கேக்க இரத்தம் போகத் தொடங்கி எவ்வளவு காலம்?"

"ரத்தமா? அப்பிடி ஒண்டும் இல்ல டொக்டர்" என்று ஷபீகா முந்திக்கொண்டாள்.

பௌஸி நானா சுவரைப் பார்த்தபடி, "போன நோன்புக்கு முந்தின நோன்புல இருந்து" என்றார்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"பள்ளி இப்ஹாம் மவ்லவிக்கிட்டக் கேட்ட. ரத்தம் சொட்டிக்கிட்டே ஈக்குது, எப்பிடித் தொழுறண்டு. வாங்கு சென்ன பொறகு கழுவி, துணி வெச்சுக் கட்டி, வுழு செஞ்சு ஒடனே தொழுங்க, அடுத்த வக்துக்குத் திரும்பச் செய்யுங்கண்டார். டொக்டர்ட்டக் காட்டுங்கண்டும் சென்னாருதான்."

மவ்லவி சொன்ன சட்டம் சரியான சட்டம். அதில் யாரும் குறை பிடிக்க முடியாது. சொட்டு நிற்காதவருக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் சலுகை அது. பௌஸி நானா சலுகையைப் பிடித்துக்கொண்டார், கடைசி வசனத்தை விட்டுவிட்டார். இந்த நிலையிலும் தொழலாம் என்று தெரிந்ததும் தன் காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டார். அவர் ரத்தம் சொட்டச் சொட்டக் கழுவியதை ஷபீகா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறாள். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தாள்.

சலப்பையில் புற்று. அது வளர்ந்து இரண்டு சிறுநீரகங்களின் வழியையும் அடைத்துவிட்டது. தொடக்கத்திலேயே வந்திருந்தால் உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்று டொக்டர் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஷபீகாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏன் டொக்டர் இவருக்கு வந்த?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு கலமும் தன்னைப் பாத்து இன்னொரு கலம் செய்யுது அம்மா. செய்யேக்க பிழை விடும். இளம் வயசில உடம்பு அந்தப் பிழையத் திருத்தும். திருத்தேலாட்டி, இனிப் பெருகாதையெண்டு அந்தக் கலத்தை நிப்பாட்டி வைக்கும். அப்பிடி நிப்பாட்டி வச்ச கலங்கள் சேரச் சேர உடம்பு தளருது. நாங்கள் கிழவராகிறதுக்கு அதுவும் ஒரு காரணம். புற்று வராமல் காக்கிறதும் அதுதான். வயசு போகப் போக அந்தக் காவலும் தேயும். அப்ப ஏதாவது ஒண்டு தப்பிப் போயிடும்."

ஷபீகா ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள். முதல் துண்டை வைத்து இரண்டாவதை வெட்டி, இரண்டாவதை வைத்து மூன்றாவதை வெட்டிக்கொண்டு போனால் பத்தாவது சட்டை யாருக்கும் பொருந்தாது. அவளுக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

ஒரு வழி மட்டும் இருந்தது. முதுகுப்பக்கமாக இரண்டு குழாய் வைத்துச் சலத்தை வெளியே எடுத்தால் சிறுநீரகங்கள் தேறக்கூடும். தேறினால் மருந்து ஏற்றலாம், இன்னும் கொஞ்சக் காலம் கிடைக்கும். தேறாவிட்டால் அந்த மருந்தே ஆளை முடித்துவிடும். இரண்டு கிழமை பார்ப்போம் என்றார் டொக்டர்.

அந்த இரண்டு கிழமையும் ஷபீகா பைத்தியம் பிடித்தவள் மாதிரித்தான் இருந்தாள். பார்லி அவித்துப் பார்லி அவித்துக் கொடுத்தாள். குழாயின் பையில் சேரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து, நேற்றைவிட இன்றைக்குத் தெளிவு என்று தானாகவே சொல்லிக்கொண்டாள். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தால் எடுக்க மனம் வரவில்லை.

இரத்தம் சோதித்த முடிவோடு டொக்டர் அவளையும் நிம்றாவையும் தனியாகக் கூப்பிட்டார்.

"தேறேல்லை அம்மா. இளம் ஆளெண்டால் இந்தக் குழாயோட சிறுநீரகம் திரும்பியிருக்கும். இவருக்குச் சீனியும் பிறஷரும் இருவது வருஷமா அரிச்சுப்போட்டுது. மருந்து ஏத்தேலாது."

"வயசா டொக்டர், புத்துநோயா? எது இவரக் கொண்டுபோற?"

"இந்த வயசில அத ரெண்டாப் பிரிக்க ஏலாது அம்மா. நோகாமல் வச்சிருப்பம்."

நிம்றா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ஷபீகா அழவில்லை. நேராக வார்டுக்குள் வந்து, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பின்னேர வெயில் கண்ணில் அடித்தது. பௌஸி நானா அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டார்.

"ஏலாதுண்டுட்டாங்களா?"

அவள் தலையாட்டினாள். பிறகு, இத்தனை நாளும் கேட்கப் பயந்ததைக் கேட்டாள். "மவ்லவிக்கிட்டச் செல்ல வாய் வந்த மனுஷனுக்கு எனக்கிட்டச் செல்ல வரல்லயா?"

"செல்லத்தான் நெனச்ச." அவருக்குப் பேச்சு விட்டு விட்டு வந்தது. "மொத நாள் ரத்தத்தக் கண்டு நல்லாப் பயந்திட்டன் ஷபீகா. அந்தப் பயத்துலதான் மவ்லவிக்கிட்டக் கேட்டுட்டுத் தொழ நிண்ட. தொழுதிட்டு ஒங்களுக்குச் செல்லுவமெண்டு திரும்பிப் பாத்தா, நீங்க கதவோட சாஞ்சிக்கிட்டு அழுவுறீங்க. சந்தோஷத்துல. கலியாணம் முடிச்சு இத்தன வருஷத்துல நீங்க என்ன அப்பிடிப் பாத்ததே இல்ல."

ஷபீகா ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தாள்.

"ரெண்டு நாளைக்குப் பொறகு செல்லுவமெண்டு நெனச்ச. பொறகு ஒரு மாசம் போகட்டுமேண்டு நெனச்ச. நீங்க அந்தப் பார்வைய நிப்பாட்டவே இல்ல. நான் எப்பிடி அதக் கெடுக்கிற?"

அவருடைய கையில் எலும்பும் தோலும்தான் மிச்சம். அதை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எனக்கு ஒங்கட தொழுகை வேணாம்" என்றாள். "ஒரு வக்துகூட வேணாம். எனக்கு நீங்கதான் வேணும்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே கேட்டது. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். உடனே அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்ய வேண்டும் என்று ஷபீகாவுக்குத் தெரியும். அவள் செய்யவில்லை.

பௌஸி நானா கண்ணை மூடியபடி, "அண்டைக்கு இதச் செல்லியிருந்தீங்கண்டா, அண்டைக்கே டொக்டர்ட்டப் போயிருப்பன்" என்றார்.