சும்மா பார்க்க

அந்தக் கம்ப்யூட்டர் கடையில் அவருக்குச் ‘சும்மா அக்கா’ என்று பெயர். முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். “என்னக்கா வேணும்?” என்றால், “ஒரு லேப்டாப் வாங்கணும். இன்னிக்கு சும்மா பார்க்க வந்தேன்” என்பார். நான்கு வருடமாக இதே பதில்.

சும்மா என்றால் சும்மாவா? அடுக்கி வைத்த கீபோர்டு ஒன்றையும் விடமாட்டார். இது மெத்தென்று இறங்குகிறது, அது கடகடவென்று வாயாடுகிறது என்று ஒவ்வொன்றின் குணமும் அவருக்கு அத்துப்படி. புதுப் பெட்டி பிரித்தால், திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்கிற வேலை அவருடையது. வேறு யாராவது உரித்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம், “அந்த லேப்டாப்பை வாங்காதீங்க, சூடாகும்” என்று யோசனை வேறு. வீட்டில் அவரிடம் யோசனை கேட்க யார் இருக்கிறார்கள்? கணவர் போய் ஐந்து வருடம். மகன் வெளியூரில்.

அந்த மகன்தான் காரியத்தைக் கெடுத்தான். “எதுக்கும்மா கடைக்கு அலையற?” என்று போனில் கேட்டுவிட்டு, நல்ல லேப்டாப் ஒன்றைக் கூரியரில் அனுப்பி வைத்தான். பிள்ளையின் பாசத்தைக் குறை சொல்ல முடியுமா? ஆனாலும் பெட்டியைப் பார்த்ததும் அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி எந்த முகத்தோடு போய்ச் ‘சும்மா’ என்பது?

இரண்டு சனிக்கிழமைகள் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். ஐந்து மணி ஆனதும் கால் செருப்பைத் தேடியது. ஒரு கடைக்காக மனசு இப்படி ஏங்கும் என்று அவரே நினைக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“என்னக்கா, ஆளையே காணோம்!” என்றார் ரிப்பேர் மேஜையில் இருந்த சர்வீஸ்காரர். “இதுக்கு என்ன கோளாறு?”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய் கைவசம் இருந்தது. “சத்தமே வரலை, தம்பி.”

சர்வீஸ்காரர் ஒரு பாட்டைப் போட்டார். கடையே அதிர்ந்தது.

“நல்லா வருதேக்கா.”

“இங்க வருது. வீட்டுலதான் வரமாட்டேங்குது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

சர்வீஸ்காரர் பாட்டை நிறுத்திவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். “இங்கயே இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை வந்து பாருங்க. சரியாகலைன்னா அதுக்கடுத்த சனிக்கிழமை.”

“சரியாயிட்டா?”

“அவ்வளவு சீக்கிரம் ஆகாதுக்கா.”

ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். ‘கோளாறு’ என்ற இடத்தில் ‘சும்மா’ என்று எழுதியிருந்தது.

“முதல்ல அந்தப் புதுப் பெட்டிங்ககிட்ட போங்க. நீங்க வராம மூணு திரை உரிக்காம கிடக்கு.”