அக்கா விளக்கு

"எல்லாத்தையும் முற்றத்துக்குத் தூக்குங்க. குளிப்பாட்டி எடுத்துட்டு வந்தா எங்க கிடத்துறது? இந்த ஓட்டை உடைசலுக்கு நடுவுலயா?"

தோளில் மாட்டிய கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் ரெட்னோ அதட்டினாள். பக்கத்து வீட்டு ஆட்கள் ஆளுக்கு இரண்டாகப் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். அலமாரியில், ஜன்னல் திட்டில், தையல் மிஷின் மேல் என்று தம்பி வாலுயோவின் வீட்டில் விளக்கில்லாத இடமே இல்லை. கொல்லைத் தடுப்புக்குப் பின்னால் அவன் உடலைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"விரல்ல மண்ணெண்ணெய் வாசம் போகவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் கற்பூரம் குடுங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

செத்தும் நாறுகிறான் என்று நினைத்துக்கொண்டாள் ரெட்னோ.

விடியல் தொழுகைக்கு எழுந்தவன் வாசற்படியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டான் என்று அவன் மனைவி தார்மி போனில் சொல்லியிருந்தாள். வயது அறுபது. செமாராங் நகரத்திலிருந்து இந்த அம்பாராவா வந்து சேரும்வரை காரில் ரெட்னோ நினைத்துக்கொண்டு வந்தது தம்பியை அல்ல, ஒரு விளக்கை.

அப்பாவின் விளக்கு அது. ஜெர்மன் பித்தளை. அந்த ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அதைத்தான் இரவல் கேட்டு வருவார்கள். அப்பா இறந்த வருஷம் ரெட்னோ ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக மழையில் நனைந்துகொண்டிருந்தாள். துக்கம் விசாரிக்க வந்த ஒரு கல்வி அதிகாரி அந்த விளக்கைப் பார்த்து இரண்டு தடவை நன்றாயிருக்கிறது என்றார். ஒரு மாதத்தில் விளக்கு அவர் வீட்டுக் கூடத்துக்குப் போனது. அடுத்த மாதம் ரெட்னோவுக்கு நகரத்துக்கு மாற்றல் வந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் சந்தையில் அதே சாயலில் ஒன்றை வாங்கி, பழசாகத் தெரிய அடுப்புக்கரி தேய்த்து, பழைய கொக்கியிலேயே மாட்டிவிட்டாள்.

பாகம் பிரித்த அன்று, "வயலை நீயே வச்சுக்கக்கா. எனக்கு அப்பா விளக்கு போதும்" என்றான் வாலுயோ. அதைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அவனுக்கு விளக்கே பிழைப்பாகிவிட்டது. ஊர் ஊராக ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள். எண்ணெய்த் தொட்டியின் அடியைத் தடவியே எந்த நாட்டு விளக்கு, எந்தக் காலத்தது, எந்த உறுப்பை யார் பின்னால் மாற்றியது என்று சொல்லிவிடுவான். துருவைச் சுரண்டி, அடைப்பைக் குத்தியெடுத்து, பம்புக்குள் புதுத் தோல் வாஷர் போட்டு, முப்பது வருஷம் அணைந்து கிடந்ததை எரியவைப்பான். ஊருக்கெல்லாம் ஜாதகம் சொன்னவனுக்குத் தன் வீட்டு விளக்கு யாரென்று தெரியவில்லை. நோன்புப் பெருநாளுக்கு அவள் வரும்போதெல்லாம் அதைப் பளபளவென்று துடைத்துக் கூடத்தில் மாட்டி, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். முட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவளும் சிரிப்பாள். நாற்பது வருஷம் அப்படித்தான் போனது.

இன்றைக்கு அவனுடைய விளக்குக் கூட்டாளிகள் வருவார்கள். எவனாவது அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிடக் கூடாது.

படுக்கையறைப் பீரோ மேல் அது இருந்தது. கொடியில் கிடந்த வாலுயோவின் லுங்கியை உருவி விளக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு, காரை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். முற்றத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட கூட்டாளிகள் ஐந்து பேர் விளக்குகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள்.

"இன்னும் மண்ணு தள்ளல. அதுக்குள்ள பொறுக்க வந்தாச்சா?"

அவர்களில் மூத்தவர் எழுந்தார். குன்டோரோ, மீன் லாரி ஓட்டுகிறவர். "பொறுக்க வரலம்மா. குழி வெட்ட வந்தோம். வெட்டியாச்சு" என்றார். முழங்கைவரை செம்மண் அப்பியிருந்தது.

ரெட்னோ கார்ப்பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து லுங்கி நழுவி விளக்கின் தொப்பி வெளியே தெரிந்தது. குன்டோரோவின் முகம் மலர்ந்தது.

"அட, அக்கா விளக்கு! இதை எங்கம்மா எடுத்துட்டுப் போறீங்க? இது விலைக்குப் போகாது."

"என்ன விளக்கு?"

"அக்கா விளக்கு. எங்காளுங்க எல்லாருக்கும் தெரியும். புதுசா எவனாவது போலியை வாங்கி ஏமாந்துட்டு வந்து நின்னா அண்ணன் திட்டமாட்டாரு. இதை எடுத்துப் பக்கத்துல வச்சு, 'கவலப்படாத, உன்னுதும் அக்கா விளக்குதான்'பாரு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்."

சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? நல்ல விளக்குன்னா பித்தளை, ஒட்டாது. இது இரும்பு, மேல பூச்சு. கம்பெனி எழுத்தும் அச்சுல அழுத்துனது இல்ல, ஆணியால சுரண்டுனது. அப்பா விளக்குன்னு இவர்கிட்ட குடுத்துட்டாங்களாம். அவங்கப்பா விளக்குல கைப்பிடியோரம் ஈயம் வச்சு ஒட்டுன தழும்பு இருக்குமாம். எட்டு வயசுல இவருதான் கீழ போட்டு உடைச்சாராம். இவருக்குத் தெரியாதா? தூக்கும்போதே தெரிஞ்சுபோச்சாம்."

"யாரு அந்த அக்கா?"

"அதை மட்டும் சொல்லமாட்டாரும்மா."

அடுப்பங்கரையிலிருந்து ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். "வாலுயோவோட அக்கா! உங்களைத்தான். தார்மி கூப்பிடுது."

குன்டோரோ அவளைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். காந்தத்தை எடுக்கப் போனார். அது லேசில் வரவில்லை, இழுக்கவேண்டியிருந்தது. விளக்கையும் அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மற்றவற்றோடு வரிசையில் வைத்தார். அவள் தடுக்கவில்லை.

தார்மி பாயில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ரெட்னோ கதவைச் சாத்தினாள்.

"அவனுக்கு எப்பவுமே தெரியுமா?"

எதைப் பற்றி என்று தார்மி கேட்கவில்லை. "தெரியும்."

"உனக்கு?"

"கல்யாணமான வாரமே காமிச்சாரு."

"பின்ன ஏன் என்கிட்ட கேக்கல?" பள்ளிக்கூடக் குரல் தானாக வந்தது.

தார்மி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கேளுங்கன்னு நானும்தான் சொன்னேங்க்கா. வயலாவது கெடைக்குமேன்னு. 'பாவம், அக்கா அங்க நாப்பது புள்ளைங்களை நிக்கவச்சுப் பொய் சொல்லாதேன்னு பாடம் நடத்துது. விட்டுடு'ன்னாரு."

"கோவமா சொன்னானா?"

தார்மி அடுத்த பூவை எடுத்தாள்.

"இல்லக்கா. சிரிச்சாரு."

கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. ரெட்னோ எதிரே உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடி மல்லிகையை எடுத்தாள். தொடுக்கத் தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்தது. உடலைக் கிடத்திய சந்தூக்கை நான்கு பேர் தோளில் தூக்கி முற்றத்தில் நின்றார்கள். கிளம்புவதற்கு முன், இறந்தவரைவிட இளையவர்கள் மரியாதைக்காக அதன் அடியில் மூன்று முறை குனிந்து கடந்து வரவேண்டும். தார்மி போனாள். அவள் தங்கை பிள்ளைகள் போனார்கள். ரெட்னோ செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றாள்.

"நீங்க மூத்தவங்க. உங்களுக்கு இது இல்லம்மா" என்றார் தொழவைத்த லெப்பை.

அவள் நகரவில்லை.

முன்பக்கத்தைத் தாங்கியிருந்த குன்டோரோ அவளுடைய உயரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் உசத்தணுமாம்மா?"

"வேண்டாம்."

இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி அவள் குனிந்தாள். முக்காட்டின் நுனி சந்தூக்கின் மூங்கிலில் மாட்டி நழுவியது. நரைத்த தலையோடு மறுபக்கம் வந்து, அதைச் சரிசெய்யாமலே சுற்றிக்கொண்டு போய், இரண்டாவது முறைக்குக் குனிந்தாள்.