ஒதுங்குகிறான்

ஆள் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆவடியில் ஒருவன் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ராணுவக் கிடங்கில் எனக்குக் குமாஸ்தா வேலை. பட்டணத்தில் டிரில் மாஸ்டர் பரீட்சை தேறியவன் என்பதால் கிடங்கின் கூடைப்பந்து அணிக்கும் நானே பொறுப்பு. எவன் ஓடுவான், எவன் ஓடுகிற மாதிரி பாசாங்கு பண்ணுவான் என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். "ஜானகிராமன் சொன்னால் சரியாக இருக்கும்" என்று வெள்ளைக்காரக் கேப்டனே சொல்வார். அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிவேன். அவ்வளவு திமிர்.

நாற்பத்து நாலாம் வருஷம், மாசி மாதம். அணியில் ஓர் இடம் காலியானது. பந்து ஆடுவதற்கென்றே சம்பளம், கிடங்கில் நிரந்தர வேலை, வேறெங்கும் அனுப்பமாட்டார்கள். இடம் கிடைக்காத கூலிக்காரன் அடுத்த மாதம் அஸ்ஸாம் பக்கம் ரோடு போடப் போகும் பட்டாளத்தோடு ரயில் ஏற வேண்டும். முந்தைய ரயிலில் போனவர்களில் எத்தனை பேரை மலைக்காய்ச்சல் கொண்டுபோனது என்று எல்லோருக்கும் தெரியும்.

வேம்புலி கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பத்தொன்பது வயது. எங்கள் பாரிவாக்கத்துச் சேரிக்காரன். அவன் அம்மா கன்னியம்மா எங்கள் கழனியில் நடவு நடுகிறவள். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை. சாப்பாட்டு வேளையில் பஞ்சாபிச் சிப்பாய்கள் பந்து ஆடும்போது ஆள் குறைந்தால் இவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். "இவனை எடுத்துக்கொள், சரியான பிசாசு" என்று அவர்களுடைய ஹவில்தார் என்னிடம் வந்து சிபாரிசு செய்தார்.

எடுத்துக்கொள்வதா? நான் சோதிக்காமலா? எனக்கென்று ஒரு முறை இருந்தது. வெளியே நின்று பார்த்தால் ஒருவனுடைய கால் தெரியும், நெஞ்சு தெரியாது. அதனால் எதிரணியில் நானே இறங்கி, மேலே விழுந்து நெருக்கிப் பார்ப்பேன். அந்த நெருக்கலில் எவன் எப்படி என்று வெட்டவெளிச்சமாகிவிடும்.

வேம்புலி தூரத்திலிருந்து எறிந்த பந்தெல்லாம் கூடைக்குள் போயிற்று. சிப்பாய்களுக்கு நடுவே புகுந்து வந்தான். ஆனால் நான் கிட்டே போனேனோ இல்லையோ, நெருப்பை மிதித்தவன் மாதிரி பின்வாங்கினான். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு பந்தை விட்டான். ஏழு தடவை இப்படி. எட்டாவது தடவை பந்தை என் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

கேப்டனுடைய படிவத்தில் கடைசிக் கேள்வி, ஆள் மேற்கொண்டு வளர்வானா என்பது. நான் இங்கிலீஷில் எழுதினேன்: திறமை உண்டு. நெருக்கினால் ஒதுங்குகிறான். துணிச்சல் இல்லை. வளரமாட்டான். எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹவில்தார் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "உனக்கு ஊரில் முட்டை என்று பட்டப்பெயரா? நீ கிட்டே வரும்போதெல்லாம் அந்தப் பையன் அண்டே, அண்டே என்றானே. எங்களிடம் அப்படிச் சொல்வதில்லையே?" அவர்கள் பாஷையில் அண்டே என்றால் முட்டை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது ஆண்டே. எங்கள் பக்கத்துச் சேரி ஜனங்கள் நிலக்காரனைக் கூப்பிடுகிற வார்த்தை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய என் காதுக்கு அது காக்கைச் சத்தம் மாதிரி, விழுவதே இல்லை. வரப்பில் நாங்கள் எதிரே வந்தால் சேற்றில் இறங்கி ஒதுங்க வேண்டும் என்று அவன் நடக்கப் பழகிய நாளிலேயே பழக்கியாயிற்று. பழக்கியவர்கள் யார்? என் அப்பா, பெரியப்பா, நான். அவன் ஆட்டத்தைக் கண்டு ஒதுங்கவில்லை. என்னைக் கண்டு ஒதுங்கினான். அதைப் போய்க் கோழைத்தனம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மடையன்.

கேப்டனிடம் ஓடினேன். என் ரிப்போர்ட் தப்பு, இன்னொரு தடவை பாருங்கள், இந்தத் தடவை நான் இறங்கவில்லை என்று கெஞ்சினேன். அவர் யோசித்தார். "பார்க்கிறேன். ஆனால் நீயும் ஆட வேண்டும். பந்தயத்தில் எதிரே நிற்கிறவன் இவனுக்காக விலகிக்கொள்வானா?" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை ஆட்டத்துக்கு முன் வேம்புலியைக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டேன். நாலடி தள்ளி நின்றான்.

"இன்னைக்கு என்னை இடிச்சுத் தள்ளிகினு போடா" என்றேன்.

"இன்னா ஆண்டே சொல்றீங்கோ! ஊர்ல தெரிஞ்சா ஊட்டக் கொளுத்திடுவாங்கோ. அம்மா உங்க கயனியிலதான கீது?"

"ஒண்ணும் ஆவாது. நான் கீறேன் இல்ல?"

"சிப்பாய்ங்கன்னா பூந்து பூந்து ஆடுவேன் ஆண்டே. நீங்கோ குறுக்கால நின்னுகினா காலு நவுரமாட்டேங்குது."

"ரயிலு ஏறிட்டா திரும்பி வரமாட்டடா. உங்கம்மாவ நெனச்சிக்கோ."

 சரி என்று தலையை ஆட்டினான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்தோடு நேராக என்னை நோக்கி வந்தான். நான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். அவன் தோள் என் நெஞ்சில் இடித்தது. நான் மல்லாந்து விழுந்தேன். படுத்தபடியே பார்த்தேன், பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் கூடைக்குள் இறங்கியது. ஹவில்தார் கத்திக் குதித்தார். என் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

வேம்புலி திரும்பி அந்த ரத்தத்தைப் பார்த்தான்.

அவ்வளவுதான். ஆடுகளத்தின் நடுவே, என் காலுக்கு ஒரு முழம் தள்ளி, குப்புற விழுந்தான். "தெரியாம பட்டுட்டேன் ஆண்டே, மாப்பு பண்ணிடுங்கோ ஆண்டே" என்று மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். பந்து அவனைத் தாண்டிப் போயிற்று. எதிரணி ஒரு கூடை போட்டது, இன்னொன்றும் போட்டது.

"எந்திரிடா, ஆடுடா!" என்று கத்தினேன். அவன் எழவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கியிருந்தால் எழுந்திருப்பான். எழுந்து ஆடியிருப்பான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கையை நீட்டினேன். கம்பி வேலிக்கு வெளியே எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பெரியப்பா மகனும் அதில் ஒருவன். என் கை பாதியில் நின்றது. பிறகு அதைக் கொண்டு என் உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.

கேப்டன் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். "நீ முதலில் எழுதியதுதான் சரி" என்றார்.

ஆடி மாதம் தபால் வந்தது. கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் களத்துமேட்டுக்கு வந்து எட்ட நின்றாள். நான் படித்துச் சொன்னேன், மலைக்காய்ச்சல் என்று மூன்று வரிதான். அவள் அப்போது அழவில்லை.

"நல்லா ஆடுறான்னு சிப்பாய்ங்கல்லாம் சொன்னாங்களே ஆண்டே. எம்புள்ள இன்னாத்துல கொற வெச்சான்?"

"நல்லாத்தான் ஆடினான்" என்றேன்.

"அப்பறம் ஏன் எடுக்கல?"

நான் களத்துமேட்டிலிருந்து வரப்பில் இறங்கி, அவள் நின்ற பக்கமாக வீட்டுக்கு நடந்தேன். எனக்கு வழி விட வேண்டுமே என்று, கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு, அவள் சேற்றில் இறங்கி நின்றாள்.