ஒரே அளவு டயர்

நெவிலின் வண்டியில் பெரிய டயர்களைப் பார்த்த அந்தச் சனிக்கிழமை எனக்கு வயது அறுபத்தொன்று. அந்த வயதில் ஒருவனுக்கு டயரைப் பார்த்து வயிறு எரியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பாலைவன ஓரத்து ஊரான போர்ட் அகஸ்டாவில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே நான்கு தெரு. பத்தொன்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே மாடல் வண்டி, ஒரே அளவு டயர், முப்பத்தோரு அங்குலம், ஆறு நட்டு. அது தானாக அமைந்ததில்லை. பாலைவனத்துக்குள் ஜோடியாகப் போகிறவர்கள் முதலில் பார்த்துக்கொள்வது அதைத்தான். என் ஸ்டெப்னி உன் வண்டியில் மாட்டும், உன்னுடையது என் வண்டியில் மாட்டும் என்றால் ஆளுக்கு ஒன்று சுமந்தால் போதும். அளவு வேறானால் ஆளுக்கு இரண்டு, அதுவும் கூரைமேல் ஏற்றிக் கட்ட வேண்டும். ஆகவே அளவை மாற்றுகிறவன் கூட வருகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுவான். என் மனைவி என்னை விட்டுப் போனதைக்கூட நான் முதலில் நெவிலிடம்தான் சொன்னேன். அவன் டயர் மாற்றியதை என்னிடம் சொல்லவில்லை.

வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பத்துமூன்று அங்குலம். வண்டி ஒரு முழம் உயர்ந்ததுபோல நின்றது. உயரமாக நல்லாத்தானே இருக்கு என்று கேட்டான். நல்லாத்தான் இருக்கு என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிறவர்களின் எங்கள் சங்கத்தில் முப்பத்துமூன்று போட்ட வண்டி இன்னொன்றுதான் இருந்தது. அது பாஸ்கோவுடையது.

பாஸ்கோ அந்தக் கோடையில்தான் சங்கத்தில் சேர்ந்தவன். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன், நாற்பது வயது, எதையும் ரிப்பேர் செய்துவிடுவான், எல்லோரையும் சிரிக்கவைப்பான். நெவிலின் பின்கட்டில் ஃப்ரிட்ஜுக்கு வயர் இழுத்துக் கொடுத்தான். அந்த வேலை வழக்கமாக நான் செய்வது. நான் செய்தால் மூன்று நாள் ஆகும். அவன் ஒரு மதியத்தில் முடித்துவிட்டான் என்று நெவிலின் மனைவி லொரெயின் என்னிடமே சொன்னாள்.

எங்கள் ஊரில் குளிர்காலமான ஜூலையில் மூன்று வண்டியும் சேர்ந்து ஆன் பீடல் என்ற பாலைவன மண்பாதையில் மேற்கே போவதாக ஏற்பாடு. மூன்றில் இரண்டு ஒரே அளவு, மூன்றாவது தனி. அந்த மூன்றாவது நான். படுத்தால் அதுதான் கண்ணில் வந்து நின்றது: நடு வழியில் நெவிலின் சக்கரம் வெடிக்கிறது, அவன் திரும்பி என்னைப் பார்க்காமல் பாஸ்கோவைப் பார்க்கிறான்.

டயர் வாங்க நான் உள்ளூர்க் கடைக்குப் போகவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டி வயாலாவுக்குப் போனேன். அந்தக் கடையை நடத்துகிறவள் நொயலீன். நகத்துக்குள்ளெல்லாம் கறுப்பேறிய கை. எந்தப் பாதை, எவ்வளவு பாரம், தண்ணீர் எத்தனை லிட்டர், இஞ்சின் எந்த வருஷத்தது என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டு விரலால் அளந்தாள்.

"ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா உள்ள உரசும். ஸ்பிரிங்க தூக்கணும். தூக்கினாலும் உங்க இஞ்சின் பழசு, மணல்ல ஏறும்போது மூச்சு வாங்கும். முப்பத்திரண்டு போடுங்க. உங்க வண்டிக்கு அதுதான் சரி."

"முப்பத்துமூணு."

"மீட்டர் கொறச்சுக் காட்டும். நூறுன்னு காட்டுனா நூத்தாறு ஓடியிருப்பீங்க."

"பரவாயில்ல."

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "கூட யாரு வர்றாங்க?"

நண்பன் என்றேன்.

"அவரு முப்பத்துமூணு போட்டுட்டாரா?"

சுவரில் மாட்டியிருந்த டயர்களைப் பார்த்தேன். அவள் அதற்குமேல் வாதாடவில்லை. ஐந்து எடுத்து வைத்தாள். ஸ்பிரிங்கையும் அவளே தூக்கிக் கொடுத்தாள். திரும்பும் வழியில் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி முனகியது. எனக்கு மட்டும் மனசு லேசாக இருந்தது. என் ஸ்டெப்னி இனி அவன் வண்டியில் மாட்டும்.

புறப்படும் நாள் காலையில் நெவில் என் சக்கரங்களைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"வயாலா வரைக்கும் போனியாடா, ராய்ஸ்?" என்றான். அதில் கேலி இல்லை. பாஸ்கோவிடம்தான் கேலி இருந்தது.

"பெரியவர் ஹீல்ஸ் போட்டுக்கிட்டு வந்திருக்காரு. பாத்து நடங்க, கணுக்கால் பிசகிடப்போவுது."

வழியனுப்ப வாசலில் நின்ற லொரெயினும் சிரித்தாள். நெவில் தேவைக்குமேல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்ததாக எனக்குப் பட்டது.

பத்தொன்பது வருஷமாக வழி சொல்வது என் வேலை. குறிப்பு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தக் கிளைப்பாதை, எங்கே விறகு கிடைக்கும் என்று வண்டி ரேடியோவில் சொல்லிக்கொண்டே போவேன். பாதை தொடங்கும் கூபர் பெடியைத் தாண்டிய முதல் நாளே, தங்கவேண்டிய இடத்துக்குத் திரும்பும் கிளையைத் தவறவிட்டேன். மீட்டரில் இன்னும் ஏழு கிலோமீட்டர் பாக்கி இருந்தது. ரேடியோவில் பாஸ்கோவின் குரல் வந்தது. அது பின்னாலேயே போயிடுச்சு, என் ஜி.பி.எஸ். திரையில காட்டுது என்றான். பணிவாகத்தான் சொன்னான். அடுத்த நாள் காலை நெவில் அவனை முன்னால் போகச் சொன்னான். நான் கடைசி வண்டி ஆனேன். அவர்கள் இருவர் கிளப்பிய தூசியைத் தின்றுகொண்டே ஓட்டினேன்.

அந்தப் பாதை முழுக்க வரிவரியாக அலை விழுந்து கிடக்கும். பற்கள் ஆடும். பொறுமையில்லாதவர்கள் சாலையை விட்டு இறங்கி ஓரத்தில் ஓட்டுவார்கள். ஓரத்தில்தான் காய்ந்த முல்கா மரங்களின் அடிக்குச்சிகள் ஈட்டிபோல நிற்கும். இறங்காதே என்று பாஸ்கோவிடம் இரண்டு முறை ரேடியோவில் சொன்னேன். மதியத்துக்குள் அவன் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. அங்கே கிழிந்தால் ஒட்ட முடியாது. அவனுடைய ஸ்டெப்னியை மாட்டினோம். மறுநாள் அதுவும் போயிற்று. நெவில் உடனே தன் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்தான். நட்டை முறுக்கும்போது இருவரும் தலை முட்டக் குனிந்திருந்தார்கள். நான் ஜாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவதும் அவனுடையதுதான். எமூ என்னும் ஆளில்லாத இடத்தை நெருங்கும்போது. இப்போது மிச்சம் இருந்தது என் வண்டியின் பின்னால் தொங்கியது மட்டும். அதை மாட்டி மூன்று பேரும் சேர்ந்து கூபர் பெடிக்குத் திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்த வழி அது. பாஸ்கோ ஏற்கனவே ஸ்பேனரோடு என் வண்டிக்கு வந்துவிட்டான்.

என் தலைக்குள் வேறொரு கணக்கு ஓடிற்று. சக்கரம் இல்லையென்றால் பாஸ்கோ தன் வண்டியோடு இங்கேயே உட்கார வேண்டும். நானும் நெவிலும் ஒரே வண்டியில் போய் டயர் வாங்கி வரவேண்டும். போக ஒரு நாள், டயர் பஸ்ஸில் வந்து சேர ஒரு நாள், திரும்ப ஒரு நாள்.

"அது வேண்டாம்," என்றேன். "காத்து நிக்கல. நேத்திலேருந்து எறங்கிட்டே இருக்கு."

பாஸ்கோ உடனே நம்பினான். நெவில் சட்டைப் பையிலிருந்து காற்றளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு என் ஸ்டெப்னியிடம் போனான். மூடியைத் திருகி எடுத்து வைத்து அழுத்தினான். நின்ற இடத்திலிருந்தே எனக்கு முள் தெரிந்தது. முப்பத்தெட்டு. நேற்றுக் காலை நானே அடைத்த முப்பத்தெட்டு. அவன் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூடியை மறுபடி திருகினான், மிக மெதுவாக.

"ஆமா," என்றான். "நிக்கல."

கேஜைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பாஸ்கோ, கெளம்பு. நாம ரெண்டு பேரும் என் வண்டியில போய்ட்டு வந்துருவோம். ராய்ஸ் இங்க இருந்து உன் வண்டியப் பாத்துக்கட்டும்."

அவன் வண்டிக்கு அவனே காவல் இருக்கட்டும், நாம் போகலாமே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவன் டயரு, அவன் பாத்து வாங்கட்டும்," என்றான் நெவில். "உன் டயருலதான் காத்து நிக்கலையேடா. நீ எங்க போவ?"

பாஸ்கோ தன் சாட்டிலைட் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். தன் நல்ல நாற்காலியையும் இறக்கி வைத்தான். அதில் எனக்கு இன்னும் எரிந்தது.

மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குளிர்காலச் சூரியன். சுற்றிலும் சிவப்பு மண், சாம்பல் நிற முல்கா. கையில் குறிப்பு நோட்டு. அவர்கள் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது வழியில் கைவிடப்பட்டுக் கிடக்கும் கிணற்றடியில் நிறுத்தியிருப்பார்கள். இப்போது நெவில் டீ போடுவான். பாஸ்கோவுக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்பான். என்னிடம் அவன் கேட்டதே இல்லை, அவனுக்குத் தெரியும். ஆனால் அப்படிக் கேட்பதிலும் ஒரு சுகம் உண்டு, புதிதாக ஒருவனைத் தெரிந்துகொள்கிற சுகம். அதைக்கூட என்னால் சகிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகலில் தூசி தெரிந்தது. இறங்கும்போது இருவரும் ஏதோ ஒரு மோட்டல்காரனைப் பற்றிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். என்ன என்று கேட்டேன். அங்க இருந்து பாத்திருந்தாத்தான் புரியும் என்றான் பாஸ்கோ.

ஊருக்குத் திரும்பிய ஒரு வாரம் கழித்து நெவில் வீட்டுக் கராஜில் நானே பேச்சை எடுத்தேன். அந்த ஸ்டெப்னி, என்று ஆரம்பித்தேன்.

"காத்து நிக்கலன்னு நானுந்தானேடா சொன்னேன்," என்றான். "விடு."

அதற்குப்பின் இரண்டு குளிர்காலம் மூன்று வண்டியாகப் போனோம். இரண்டு வண்டியாக மட்டும் ஒருபோதும் போகவில்லை. மூன்றாவது குளிர்காலம் வரும்முன் நெவிலுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். பதினொரு வாரத்தில் போய்விட்டான்.

சவப்பெட்டியைச் சுமந்தபோது முன்பக்கத்தில் இடது நான், வலது பாஸ்கோ. லொரெயின் அப்படி நிற்கச் சொன்னாள். பிறகு சங்கக் கூடத்தில் எல்லோரும் சாண்ட்விச் தட்டோடு நின்றிருந்தபோது, பாஸ்கோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்கள் வீங்கியிருந்தன. என்னைவிட அதிகமாக அழுதிருந்தான். அதையும் நான் கவனித்தேன்.

"எங்கப்பாகூட நான் அப்படி இருந்ததில்ல பெரியவரே," என்றான். "அந்த மூணு நாளு. போற வழியெல்லாம் பேசிக்கிட்டே போனோம். உங்க டயர்ல காத்து எறங்கலன்னா அது எனக்குக் கெடச்சிருக்காது. உங்ககிட்ட இத ஒருநாள் சொல்லணும்னு இருந்தேன்."

உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, அந்த மூன்று நாள் அவனிடம் அப்படியேதான் இருக்கும். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. முள் முப்பத்தெட்டில் நின்றது நெவிலுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதையும் இவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

"மொத நாளு எங்க நிறுத்தினீங்க?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் சொல்லு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். நான் கேள்விப்படாத நெவில் ஒருவன் அதில் இருந்தான். பதினேழு வயதில் கப்பலில் ஓடிப்போகப் பார்த்தவன், தன் தம்பியின் பெயரைச் சொன்னாலே குரல் மாறுகிறவன். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவன் அதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

நடுவில் லொரெயின் இரண்டு முறை கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. பாஸ்கோ பேச்சை நிறுத்தும்போதெல்லாம், அப்புறம் என்றேன்.