ஆறாம் வால்வு யார் பக்கம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. காதல் கடிதமும் இல்லை, மிரட்டல் கடிதமும் இல்லை. புல் காய்ந்துபோனதைப் பற்றிய கடிதம். டெக்ஸஸில் எங்கள் குடியிருப்பில் வீட்டு முன்புறப் புல் காய்வது கிட்டத்தட்ட ஒழுக்கக்கேடு.

"தங்கள் புல்வெளியின் இடப்பகுதி பழுப்பாகக் காணப்படுகிறது. பதினான்கு நாட்களில் பசுமை திரும்பாவிட்டால் குடியிருப்போர் சங்கமே ஆள் வைத்துப் புல்லைப் பெயர்த்துச் சரளைக்கல் கொட்டும்."

கடிதத்தைப் பெற்றவர் வெண்டல் கிராட்ஸ். தீயணைப்புத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்து கேப்டனாக ஓய்வு பெற்றவர். எரிகிற கட்டடத்தில் ஏழாவது மாடிவரை தண்ணீர் ஏற்றியவரால் ஏழடி அகலப் புல்லை நனைக்க முடியவில்லை. இதற்குமேல் நான் கேலி சேர்க்க வேண்டியதில்லை.

எழுதியவர்? லோர்னா என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்து வீடு. சங்கத்தின் புல்வெளிக் குழுவில் உறுப்பினர். 'இம்மாதப் புல்வெளி' என்ற பரிசுப் பலகை மூன்று கோடைகளாக அந்த வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"விடியலின் பொன்னொளியில் தெளிப்பான்கள் முத்துக்களைச் சிந்த..." (வேண்டாம். அவை சிந்துவது குளோரின் வாடை.)

"வெண்டல் மண்டியிட்டார். வலது முழங்கால்..." (இது இருக்கட்டும். அந்த முழங்காலை ஒரு தீ விபத்தில் இடிந்த படிக்கட்டு வாங்கிக்கொண்டது. ஓய்வு பெற்ற வசந்தத்தில் அதே காலை மடக்கித்தான் புல்லைப் பத்தை பத்தையாகத் தன் கையால் பதித்தார். சரளைக்கல் என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.)

3

அவர் சரிபார்த்தவை: தெளிப்பான்களை நேரம் வைத்து இயக்கும், கராஜில் இருக்கும் கண்ட்ரோல் பெட்டிக்குப் புது பேட்டரி போட்டார். தெளிப்பான் தலைகளைக் கழற்றி உள்சல்லடையில் அடைத்திருந்த மணலைக் கழுவினார். ஆறாம் வால்வைப் பிரித்து ரப்பர் சவ்வை மாற்றினார். கராஜிலிருந்தே திறந்து பார்த்தபோது அது உறுமியது, மீட்டர் ஓடியது, எல்லாம் சரி. புல் மட்டும் காய்ந்துகொண்டே போனது.

பெட்டி மூடியில் எந்த வால்வு எந்த இடத்துக்கு என்று பென்சிலில் எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு: முன்புறம். மூன்று, நான்கு, ஐந்து: பின்புறம். ஆறு: பக்கம்.

எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. காய்ந்தது இடப்பக்கம்; ஆறாம் வால்வு அதற்குத்தான் என்று அவர் பதினொரு வருடமாக நம்பினார். அது ஓடுவது விடியுமுன் நாலரைக்கு. அந்த நேரத்தில் யார் எழுந்து பார்ப்பது? மற்ற வருடங்களில் மழை அந்த இடத்தைக் காப்பாற்றியது. இந்த வருடம் மழை இல்லை. நகராட்சியும் வாரத்துக்கு ஒரு நாள்தான் புல்லுக்குத் தண்ணீர் என்று சொல்லிவிட்டது. இரட்டைப்படை எண் வீடுகளுக்குச் சனிக்கிழமை.

லோர்னா காபிக் கோப்பையோடு வேலி ஓரம் வந்து நின்றார்.

"கேப்டன், தீயணைப்பு வண்டிக்கான பெரிய குழாய் வேணும்னா தெருமுனையில இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

"உங்க புல்லு மட்டும் எப்படி இப்படி இருக்கு?"

"ஆழமா தண்ணி விடணும். அப்புறம், அதுகிட்ட பேசணும்."

"நானும் பேசிக்கிட்டுதான் இருக்கேன். என் பொண்டாட்டி காதைப் பொத்திக்கிறா."

(லோர்னாமேல் எனக்குச் சந்தேகம். பாத்திரம் நிற்கவில்லை. அந்த வீட்டுச் சமையலறை எப்படி இருக்கும் என்று எழுதப் போனால் என் சமையலறையே வருகிறது.)

4

கடைசி வழி டூனா மீன் டப்பா. புல்வெளி முழுக்க ஒரே அளவு டப்பாக்களை வைத்துத் தெளிப்பானை ஓட்டி, எதில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று அளப்பது. இங்கே எல்லாரும் செய்வார்கள். பன்னிரண்டு டப்பா வேண்டும். பன்னிரண்டையும் காலி செய்ய வேண்டும்.

"நாலாவது நாளா டூனா நூடுல்ஸ்," என்றார் அவர் மனைவி டார்லீன். "புல்லு பச்சையாகுதோ இல்லையோ, எனக்குச் செதில் முளைக்கப்போகுது."

"இன்னும் ரெண்டு டப்பாதான், டார்லீன்."

"பூனைக்குப் போடுற டப்பாவை வெச்சா என்ன, குடியா முழுகிடும்?"

"அளவு வேற. கணக்குத் தப்பிடும்."

"முப்பது வருஷம் உன்னை நெருப்புக்கு விட்டுக்கொடுத்தேன். இப்ப மீனுக்கா?"

(இதெல்லாம் என் காதில் எப்படி விழுந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.)

சனிக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, பதின்மூன்றாம் நாள், பன்னிரண்டு டப்பாக்களையும் காய்ந்த பகுதியில் வரிசையாக வைத்தார். கராஜுக்குப் போய் ஆறாம் வால்வைத் திறந்தார். உறுமல். மீட்டர் ஓட்டம். திரும்பி வந்து பார்த்தார். பன்னிரண்டும் சொட்டு நீரில்லாமல் காய்ந்து கிடந்தன.

தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்தார். இடப்பக்கத்து வீட்டுப் புல்லில் எட்டுத் தெளிப்பான்கள் தலை நீட்டி ஒழுங்காக வீசிக்கொண்டிருந்தன.

போய் மூடினார், அவை தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. திறந்தார், எழுந்தன. மூன்று முறை.

இரண்டு வீடுகளும் ஒரு காலத்தில் வாங்க வருவோருக்குக் காட்டிய மாதிரி வீடுகள். விற்பதற்குமுன் ஒரே ஆள் கூட்டம் இரண்டு புல்வெளிக்கும் ஒரே மூச்சில் குழாய் பதித்திருக்கிறது. வேலி பிறகுதான் வந்தது.

"வெண்டல், என்ன ஆச்சு?" வாசலிலிருந்து டார்லீன்.

அவர் டப்பா ஒன்றைக் குனிந்து எடுத்தார்.

5

முடிவுகள்:

அ. வெண்டல் ஆறாம் வால்வை நிரந்தரமாக மூடுகிறார். இரண்டு வாரத்தில் லோர்னாவின் புல் பழுப்பாகிறது. லோர்னா தனக்கே கடிதம் எழுதிக்கொள்கிறார். (கைதட்டலுக்கு எழுதியது. அதற்குள் வெண்டலின் புல்லைப் பெயர்த்திருப்பார்கள்.)

ஆ. இருவரும் ஐஸ் டீ குடித்துச் சிரித்து, சேர்ந்து குழாயைத் தோண்டி... (குழாய் விற்கிற கடையின் விளம்பரத்தில் நடக்கும்.)

இ. லோர்னா உண்மையிலேயே

6

இனி லோர்னா வேண்டாம். அடித்துவிடுகிறேன்.

அந்த இடப்பக்கத்து வீடு என்னுடையது. கடிதம் நான் எழுதியது. 'பசுமை திரும்பாவிட்டால்' என்ற தொடரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெரிய குழாய் நகைச்சுவையும் என்னுடையதுதான். என் கண்ட்ரோல் பெட்டி மூன்று வருடமாக ஓடவில்லை. அதன் பிளக்கைப் பிடுங்கித்தான் கராஜில் இறைச்சி ஃபிரீசரைச் சொருகியிருக்கிறேன். புல் தானாகப் பச்சையாக இருந்தது. எனக்குக் கைராசி என்று நினைத்தேன். சங்கக் கூட்டத்தில் புல் வளர்ப்பு பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். வெண்டல் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

மூடியில் பென்சிலில் எழுதியிருந்தது 'பக்கம்'. யார் பக்கம் என்று மட்டும் குழாய் பதித்தவன் எழுதவில்லை. நானும் ஐந்து பகுதிவரை எழுதாமல்தான் ஓட்டினேன்.

அவர் எடுத்த டப்பாவை என் புல்லில் வைத்தார். கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். பிறகு அதைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு, முழங்காலை இழுத்து இழுத்து, 'இம்மாதப் புல்வெளி' பலகையைச் சுற்றி என் வாசல்படி ஏறினார். நாளை பதினான்காம் நாள். புல்லைப் பெயர்க்க வரும் ஆட்களைத் தடுக்க என் ஒரு கையெழுத்து போதும். அதைப் போட வேண்டுமானால் ஏன் என்று குழுவுக்கு எழுத வேண்டும்.

மணி அடிக்கிறது.

"வெண்டல், மெதுவா பேசு," என்கிறார் டார்லீன், அவர்கள் வீட்டு வாசலிலிருந்து.

"நான் பேச வரல. டப்பாவைக் காட்ட வந்தேன்." பிறகு கதவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல்: "உள்ளதான் இருக்கீங்க. ஜன்னல் திரை ஆடுது."

திரையை விட்டுவிட்டேன். கதவை நீங்கள் திறங்கள்.