கொள்ளிக்கு எடுத்த கனல்

பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த லிங்கசாமி அரிவாளைக் கீழே போட்டார். வீட்டை ஒட்டிய பட்டறைக்குள் உலை எரிந்துகொண்டிருந்தது. கல்யாண வீட்டிலேயே குறை கண்டுபிடிக்கிறவர், இழவு வீட்டில் சும்மா இருப்பாரா?

"ஏப்பா கந்தப்பா, பொணம் எடுக்காத ஊட்டுல நெருப்பு எரியலாமா? போயி அணைச்சுப்போடு."

"அணைச்சா மூணு மாசப் பாடு வீணாப் போயிருமுங்க மாமா."

நேற்றிரவு நெஞ்சு வலியில் போய்விட்ட அப்பா ஆத்தப்பன் பனியன் மிஷின்களைப் பழுது பார்த்தவர். மகன் கந்தப்பன் கோயமுத்தூர் காலேஜில் ஆராய்ச்சி மாணவன். உருக்கிய ஃப்ளோரைடு உப்பில் எவர்சில்வர்க் கம்பியை நிறுத்தி, உப்பு அதை எவ்வளவு வேகமாக அரிக்கிறதென்று மின்சாரத்தை வைத்து அளக்கிறான். காற்றில் அந்தக் கம்பிக்கு மெல்லிய தோல் ஒன்று காவல் நிற்கும். உருகிய உப்பு அந்தத் தோலையே கரைத்துவிடும். பிறகு உள்ளேயிருக்கும் குரோமியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்; மேலுக்குக் கம்பி கம்பியாகவே இருக்கும். நடுவில் உப்பு உறைந்தால் சோதனை பாழ்; காலேஜிலோ சாயங்காலமானால் உலையை அணைத்துவிடுவார்கள். "நம்ம பட்டறையில வெச்சுக்க, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. தூக்கம் கெட்டுக் கரி போட்டார். மீட்டர் முள் சிக்கினால் கண்ணாடியை விரலால் சுண்டிவிடுவார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் கந்தப்பன் முதலில் அந்த முள்ளைத்தான் பார்ப்பான். அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றாரா என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இன்று காலையில் வந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்த கையோடு போய் உலைக்குக் கரி போட்டான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தான்.

தலைமாட்டிலிருந்து அம்மா பழனாத்தாள் எழுந்து வந்தாள்.

"அணைக்க வேண்டாம் அண்ணா. கொள்ளிச் சட்டிக்கு நெருப்பு வேணுமல்ல? அவரு கட்டிக் காத்த நெருப்பு. கண்ணு, அதுலயே எடு."

லிங்கசாமி மறுபடி அரிவாளை எடுத்தார். கந்தப்பன் இடுக்கியால் கனலை எடுத்துப் புதுச் சட்டியில் போட்டான். பாதியை விட்டால் திரும்பும்வரை தாங்கும் என்று மனசு கணக்குப் போட்டது. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் பாதியைத்தான் எடுத்தான்.

நொய்யல் கரைச் சுடுகாட்டில் தூறல். ஈர விறகு பற்றவில்லை. சட்டிக் கனல் போதாமல் லிங்கசாமி மாமன் மண்ணெண்ணெய் ஊற்றினார். கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

தலை முழுகி வந்தபோது உலை அவிந்திருந்தது. உருக்கும் கிண்ணமான மூசையில் உப்பு வெள்ளையாக உறைந்து கம்பியைப் பிடித்திருந்தது. மீட்டர் கண்ணாடியைச் சுண்டினான். முள் பூஜ்யத்திலேயே நின்றது.

உலையடியில், அப்பா இன்றைக்கென்று உடைத்துவைத்த கரி கூடை நிறைய இருந்தது.